நாகர்கோவிலில் தங்கி மூன்று நாள்: கடலோரமும் மலையோரமும் சைக்கிளில்

சென்னையிலிருந்து ரோடு பைக்கோடு வருகிறீர்கள், கையில் மூன்று நாள், இதுவரை ஓட்டிப் பழகியது ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும் சமதளம் மட்டும், கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலும் மலையும் சேர்ந்தாற்போல் ஓட்ட எந்த வழி நல்லது, ஏற்றம் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும். ஆனால் இங்கே உங்களைக் களைக்க வைக்கப்போவது மலை இல்லை, காற்றும் ஓயாத குட்டி ஏற்றங்களும்தான். அதற்குத் தகுந்தபடி வழியையும் நேரத்தையும் தேர்ந்துகொண்டால் தமிழ்நாட்டில் இவ்வளவு சின்ன இடத்துக்குள் இத்தனை விதமான சாலை வேறெங்கும் கிடைக்காது என்பது என் கருத்து.

முதலில் நிலம். தெற்கிலும் மேற்கிலும் கடல், வடக்கிலும் கிழக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வால் பகுதி. கடற்கரையில் காலை சாயா குடித்துவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் காட்டு எல்லையின் சோதனைச்சாவடிக்குப் போய்விடலாம், அவ்வளவு நெருக்கம். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நாஞ்சில் நாட்டு வயல்கள், ஏறக்குறைய சமதளம். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போகப் போகத் தரை மடிந்து மடிந்து எழும், செம்மண் மேடு, பள்ளத்தில் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி), மேட்டில் ரப்பர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டு நேராக மலைக்கு ஓடுகிறார்கள், நடுவில் இருக்கிற இந்த மேடுபள்ள நாட்டை வெறும் வழியாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். சைக்கிளுக்கு இந்த மாவட்டத்தில் இருப்பதிலேயே சிறந்தது அந்த நடுப்பகுதிதான், மூன்று நாளில் ஒரு முழு நாளை அதற்குக் கொடுங்கள்.

தங்குவதற்கு நாகர்கோவில் போதும், கன்னியாகுமரி வேண்டாம். சூரிய உதயம் பார்க்க ஆசை இருந்தால் விடியுமுன் விளக்கு போட்டு ஓட்டிப் போங்கள், இருபது கிலோமீட்டர்தான். கார்த்திகை தொடங்கி தை முதல் தேதி தாண்டும் வரை சபரிமலை சீசன், ஐயப்ப பக்தர்களின் பேருந்தும் வேனும் குமரி முனையில் நிரம்பி வழியும், அறை வாடகையும் ஏறிவிடும். நாகர்கோவில் என்றால் கடலோரம், வயல், காடு, தக்கலை பக்கம் என்று எந்தத் திசைக்கும் காலையில் நேராகக் கிளம்பலாம்.

எப்போது வரலாம் என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வழியைவிட இதுதான் முக்கியம். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பீறிட்டு வரும், முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அந்த மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி, காவல்கிணறு என்று போனால் மிதிக்காமலேயே முப்பது, முப்பத்தைந்து வேகத்தில் பறப்பீர்கள், 'நமக்கு இவ்வளவு தெம்பா' என்று தோன்றும், திரும்பி வரும்போது அதே சாலையில் சின்ன கியரில் தலையைக் குனிந்துகொண்டு நகரவேண்டும். முன்னால் வருவது பரவாயில்லை, பக்கவாட்டில் திடீரென்று அடிக்கும் காற்றுதான் ஆபத்து, லாரி ஒன்று கடக்கும்போது ஒரு நொடி காற்று மறைந்து மறுபடி அடித்தால் சைக்கிள் ஒரு முழம் நகர்ந்துவிடும். ஆழமான ரிம் உள்ள சக்கரம் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். டிசம்பர் பிற்பாதியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரைதான் நல்ல காலம், காலையில் இதமாக இருக்கும், மழை குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் தாங்காது.

இனி கடலோரம். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி, அங்கிருந்து மேற்கே திரும்பிக் கோவளம் (கேரளத்துக் கோவளம் இல்லை, குமரிக்குப் பக்கத்தில் இருக்கிற மீனவர் ஊர்), கீழ மணக்குடி, பாலம் கடந்து மேல மணக்குடி, சொத்தவிளை, சங்குத்துறை, ராஜாக்கமங்கலம், முட்டம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல், பிறகு திங்கள்நகர், இரணியல் வழியாகத் திரும்பினால் மொத்தம் 90 கிலோமீட்டருக்குப் பக்கம். இதை இந்தத் திசையிலேயே ஓட்டுங்கள். நல்ல மாதங்களில் காலையில் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்குப் போகும், பத்து, பத்தரைக்கு மேல் கடல்காற்று மாறி எதிரே வர ஆரம்பிக்கும், அதற்குள் முட்டத்தைத் தாண்டிவிட்டால் பிறகு உள்நாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

சுசீந்திரம் தாண்டும்போது அவசரப்படாதீர்கள். சுசீந்திரம் குளமும் தேரூர் குளமும் சேர்ந்த நீர்நிலைத் தொகுதிக்கு 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, குளிர்கால மாதங்களில் காலை ஆறரை மணிக்குக் குளக்கரையில் நின்றால் பறவை பார்க்கத் தனியாக ஒரு பயணம் வேண்டாம். மணக்குடியில் பழையாறு கடலில் சேர்கிறது, சுற்றிலும் உப்பளம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இங்கிருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது, இரண்டு கரையிலும் இருந்த மக்கள் பிரிந்து கிடந்தார்கள், இப்போது நீங்கள் ஓட்டிப் போவது அதற்குப் பிறகு கட்டியது. பாலத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், வடக்கே மருந்துவாழ் மலை.

இந்தச் சாலையின் குணம் ஈசிஆர் மாதிரி இருக்காது, அதை முன்பே சொல்லிவிடுகிறேன். குறுகல். ஊர் விட்டால் ஊர், கடற்கரை முழுக்க மீனவர் குடியிருப்பு, பெரிய பெரிய தேவாலயங்கள், தெருவில் குழந்தைகள், வலை காய்கிற இடங்கள், சில திருப்பங்களில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல். மணல்மேல் பிரேக் பிடிக்காமல் நேராக உருண்டு கடந்துவிடுங்கள். ஞாயிறு காலையில் லாரி, கார் குறைவு என்று நினைத்துக் கிளம்புவீர்கள், ஆனால் திருப்பலி முடிந்து ஊரே தெருவில் நடந்துவரும் நேரம் அது, அங்கே சராசரி வேகம் பார்க்கிறவர்கள் வேறு நாளில் வரட்டும். கடல் அரிப்பில் இந்த மேற்குக் கடற்கரைச் சாலை அங்கங்கே உடைவதும் சரிசெய்வதும் வழக்கம், மழைக்காலத்துக்கு அடுத்து வந்தால் ஒவ்வொரு ஊரிலும் 'முன்னால ரோடு இருக்கா' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், போன் வரைபடத்தில் கோடு இருக்கும், தரையில் இருக்காது.

முட்டத்தில் கண்டிப்பாக இறங்குங்கள். கலங்கரை விளக்கம் நிற்கிற மேட்டுக்குப் போகும் ஏற்றம் சின்னதுதான், கரையின் செம்மண் மழையில் அறுபட்டுப் பள்ளத்தாக்குகள் மாதிரி கிடக்கும், கீழே கரும்பாறைகள். மணவாளக்குறிச்சி கடற்கரையில் மணல் கறுப்பாக இருப்பதைப் பார்க்கலாம், இல்மனைட், மோனசைட் என்ற கனிமங்கள் கலந்த மணல், இந்திய அரிய மணல் ஆலை இருப்பது அதனால்தான். மண்டைக்காட்டில் பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடைத் திருவிழா நடக்கிற நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் சைக்கிளில் போகவேண்டாம், நடக்கவே இடம் இருக்காது. குளச்சலில் 1741 போரின் நினைவுத் தூண் இருக்கிறது, மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார், அவருடைய கல்லறை தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, மூன்றாம் நாள் அந்த வழியாகத்தான் போவீர்கள்.

காட்டுப் பக்கம் போக நாகர்கோவில், இறச்சகுளம், பூதப்பாண்டி, திட்டுவிளை, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, காளிகேசம் என்று ஒரே நேர்வழி, போக வர ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். முதல் பாதி முழுக்க வயல், குளம், தென்னை, பக்கத்தில் தாடகை மலை படுத்துக் கிடக்கும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைகிற நிலம், எந்த மாதம் வந்தாலும் ஏதாவது ஒரு பச்சை இருக்கும். பூதப்பாண்டி பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவின் ஊர். இரண்டாம் பாதியில் தோட்டங்கள் தொடங்கும், ரப்பர், கிராம்பு, அப்புறம் காடு. ஏற்றம் மெதுவாக வரும், சமதளத்துக்காரர்கள் பயப்பட ஒன்றுமில்லை, முதல் நாளுக்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கீரிப்பாறை தாண்டினால் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள இடம். இந்தக் காடுகள் கன்னியாகுமரி வன உயிரின சரணாலயத்தைச் சேர்ந்தவை, யானை நடமாட்டம் உண்டு. சோதனைச்சாவடியில் இன்றைக்குப் போகலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள், மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஏறினாலும் விடமாட்டார்கள். விடியுமுன்னும் மாலை நான்குக்குப் பிறகும் அங்கே சைக்கிளில் இருக்கவே கூடாது. சைக்கிள் சத்தமில்லாமல் போகிற வண்டி, வளைவில் யானைக்கு நீங்கள் வருவது தெரியாது, உங்களுக்கும் அது நிற்பது தெரியாது. செல்போன் சிக்னலை நம்பவேண்டாம், பங்க்சர் சாமான் கையில் இருக்கட்டும்.

ரப்பர் தோட்டங்களைப் பற்றி ஒன்று. பால் வெட்டுகிறவர்கள் விடியலுக்கு முன்பே தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள், குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும். அதனால் ஆறு, ஏழு மணிக்குத் தோட்டச் சாலைகளில் பால் வாளியோடு ஆட்கள் குறுக்கே வருவார்கள், ஸ்கூட்டர் திடீரென்று மரத்துக்கு நடுவிலிருந்து இறங்கும். டிசம்பர் கடைசியிலிருந்து மரங்கள் இலை உதிர்க்கும், அப்போது இரண்டு தொல்லை: நிழல் போய்விடும், உதிர்ந்த இலை சாலையிலிருக்கும் பள்ளத்தை மூடிவிடும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை, வெயிலே படாத நிழல் வளைவுகளில் தார்மேல் பாசி பிடித்திருக்கும், அங்கே சைக்கிளைச் சாய்த்தால் விழுவீர்கள்.

இப்போது நான் முக்கியம் என்று சொன்ன நடுநாடு. காலை ஆறு மணிக்கு முன்பே நாகர்கோவிலிலிருந்து கிளம்பிப் பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி வழியாகத் தக்கலை. இது தேசிய நெடுஞ்சாலை, ஏழு மணிக்கு மேல் பேருந்து, பள்ளி வண்டி, கல் ஏற்றிய டிப்பர் என்று மூச்சுமுட்டும், அதற்குள் கடந்துவிடவேண்டும். வலதுபுறம் வேளிமலை கூடவே வரும். தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்தில்தான், நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம், திங்கட்கிழமை விடுமுறை. அரண்மனையை நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும், வியர்த்துப்போய் லைக்ராவோடு போய் நிற்கிற இடமும் இல்லை, அதனால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு, உள்ளே பார்க்க மாலையில் பேருந்தில் வாருங்கள்.

அழகியமண்டபத்தில் நெடுஞ்சாலையை விட்டு வலதுபுறம் திரும்பினால் வேர்க்கிளம்பி, திருவட்டாறு. இங்கிருந்துதான் ஆட்டம். இருநூறு மீட்டர் இறக்கம், அடியில் ஓடையோ கால்வாயோ, ஒரு குட்டிப் பாலம், உடனே முந்நூறு மீட்டர் ஏற்றம், மேலே ஒரு கடை, ஒரு சர்ச் அல்லது கோயில், மறுபடி இறக்கம். இதுதான் திரும்பத் திரும்ப. ஒவ்வொரு ஏற்றமும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, சில இடங்களில் பத்து சதவீதம் தாண்டும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஐம்பது தடவை வரும்போதுதான் தெரியும். சமதளத்தில் ஓட்டிப் பழகியவர்கள் செய்வது, முதல் பத்து ஏற்றத்தை எழுந்து நின்று மிதித்து ஜெயிப்பது, பிறகு குலசேகரத்தில் தொடை பிடித்துக்கொண்டு உட்காருவது. இறக்கத்தில் வந்த வேகத்தை முழுசாக எடுத்துக்கொண்டு ஏறலாம் என்ற கணக்கும் இங்கே பாதி நேரம் பலிக்காது, அடிப் பாலம் குறுகல், எதிரே அரசுப் பேருந்து வரும், அதன் ஓட்டுநர் அந்தச் சாலையில் தினமும் வருகிறவர், வேகத்தைக் குறைப்பது உங்கள் வேலை. அதனால் இறக்கத்திலேயே கியரை இறக்கி வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே சீராக மிதித்து ஏறுங்கள்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 2022 ஜூலையில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு குடமுழுக்கு நடந்தது. உள்ளே போக ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றவேண்டும், ஒரு வேட்டியை மடித்துப் பையில் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. அங்கிருந்து சில கிலோமீட்டரில் மாத்தூர் தொட்டிப்பாலம். இரண்டு மேட்டுக்கு நடுவில் பறளியாற்றின் மேலே, 115 அடி உயரத்தில், தண்ணீரைத் தொட்டியிலேயே கடத்திக் கொண்டுபோகிறார்கள், காமராசர் காலத்தில் திட்டமிட்டு 1966-ல் முடிந்தது. அதுவரை ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறி வந்த கால்களோடு அதன்மேல் நடந்து பாருங்கள், தண்ணீருக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று பொறாமையாக இருக்கும்.

பிறகு திற்பரப்பு, குலசேகரம், பேச்சிப்பாறை. திற்பரப்பு அருவி விடுமுறை நாளில் திருவிழாக் கூட்டம், வேலைநாள் காலை என்றால் குளித்துவிட்டுப் போகலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பேச்சிப்பாறை அணை கோதையாற்றின் குறுக்கே 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது, மிஞ்சின் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டியது, நீங்கள் முதல் நாள் பார்த்த வயல்களில் பலவற்றுக்கு இந்தத் தண்ணீர்தான். அணைக்கு அப்பால் கோதையாறு போகும் சாலை தோட்டமும் காடுமாக அருமையாக இருக்கும், ஆனால் அங்கேயும் சோதனைச்சாவடி உண்டு, கீழ்க்கோதையாற்றிலிருந்து மேல்கோதையாற்றுக்கு ஓட்டி ஏறிவிடலாம் என்று இணையத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பவேண்டாம், அது பொதுமக்களுக்கான சாலை இல்லை. திரும்பும்போது தெம்பிருந்தால் குலசேகரத்திலிருந்து பொன்மனை, பெருஞ்சாணி அணைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வரலாம், அந்த உள் சாலைகளில் வண்டியே இருக்காது. சுற்றைச் சேர்க்காமல் மொத்தம் 80, 85 கிலோமீட்டர் ஆகும், சமதளத்தில் 120 ஓட்டிய அசதி இருக்கும்.

சைக்கிள் விஷயம். சென்னையில் நீங்கள் வைத்திருக்கிற 11-25 கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) இங்கே முழங்காலுக்குப் பகை, முன்னால் 34 பல், பின்னால் 30 அல்லது 32 இருந்தால் நிம்மதி. டயர் அகலம் 25 மி.மீ. போதும் என்பார்கள், நான் 28-ஐத்தான் சொல்வேன், காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். பிரேக் கட்டையைப் பார்த்துக்கொண்டு வாருங்கள், ஓயாத இறக்கத்தில் சீக்கிரம் தேயும். ரோடு பைக் டியூப் நாகர்கோவிலுக்கு வெளியே கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், இரண்டு டியூபும் பம்பும் எப்போதும் உங்களோடு. பின்விளக்கு பகலிலும் எரியட்டும், ரப்பர் நிழலிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து நிழலுக்கும் மாறும்போது வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், ஜெல் பாக்கெட்டுகளைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வரலாம். மட்டிப்பழம் (இந்த ஊர் வாழைப்பழம்) நாலைந்து ஜெர்சிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், சின்னது, நசுங்கினாலும் மணக்கும். எந்த மேட்டில் நின்றாலும் ஒரு கடையும் கட்டன் சாயாவும் (பால் விடாத தேநீர்) இருக்கும், காலையில் புட்டும் பயறும், பத்து மணிக்கு ரசவடை அல்லது ஏத்தன்பழ பஜ்ஜி, மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். கிழங்கைத் தின்றுவிட்டு உடனே ஏற்றம் ஏறாதீர்கள், அதை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. பிப்ரவரி, மார்ச்சில் வந்தால் அக்கானி கிடைக்கும், அதுதான் உங்கள் ஊர்ப் பதநீர், வெயில் ஏறுமுன் குடிக்கவேண்டும், நேரம் போனால் புளித்துவிடும்.

இதெல்லாம் சரி, எனக்கு ஊட்டி மாதிரி கொண்டை ஊசி வளைவோடு ஒரே நீள ஏற்றம் வேண்டும் என்றால் இந்த மாவட்டத்தில் அது இல்லை. அடுத்த முறை திருவனந்தபுரத்தில் ஒரு இரவு தங்கிப் பொன்முடி போங்கள், 22 கொண்டை ஊசி வளைவுகள், ஆசை தீர்ந்துவிடும். இந்த மூன்று நாளில் அதையும் நுழைக்கப் பார்க்காதீர்கள்.

வரிசை இப்படி வையுங்கள்: முதல் நாள் கீரிப்பாறை, இரண்டாம் நாள் கடலோரம், மூன்றாம் நாள் நடுநாடு. மூன்றாம் நாள் மாலையே ரயில் என்றால் மட்டும் இரண்டையும் மூன்றையும் மாற்றிவிடுங்கள், கடலோரம் முடித்துத் திரும்புவது சுலபம், பேச்சிப்பாறையிலிருந்து நேரத்தை நம்பித் திரும்ப முடியாது. கடலோரம் ஓட்டிய அன்றைக்கே சங்கிலியையும் போல்ட்டுகளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள், உப்புக் காற்று ஒரே ராத்திரியில் துரு ஏற்றிவிடும். ரயிலில் சைக்கிளைப் பார்சலில் போடுவதாக இருந்தால் வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போது போய் நிற்காமல், முன்கூட்டியே நாகர்கோவில் சந்திப்பின் பார்சல் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள், பின்னால் கியர் மாற்றும் டிரெயிலியர் பக்கம் ஒரு பழைய துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளையாமல் ஊர் போய்ச் சேரும்.